தார ஸ்தாயி மத்தியமத்தில் சிக்கிக்கொள்ளும் தந்தி: பியூர் டேட்டாவில் பிளாக் அளவும் பின்னூட்டத் தாமதமும்

குடமுருட்டி (திருவையாறு):

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். இழுத்துக் கட்டிய தந்தி எவ்வாறு ஒலிக்கிறது என்பதை மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிடக் காதில் கேட்க வைப்பது நல்லது என்று எண்ணி, பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, பெட்டிகளை வயரால் இணைத்து ஒலியை உருவாக்கும் பியூர் டேட்டா மென்பொருளில் ஒரு பேட்ச் (பெட்டிகளின் இணைப்பு) அமைத்து வருகிறேன். 1983இல் கார்ப்ளஸ், ஸ்ட்ராங் ஆகிய இருவரும் வெளியிட்ட முறையைத்தான் பின்பற்றியிருக்கிறேன். நாய்ஸ்~ பெட்டியிலிருந்து 10 மில்லிவினாடி இரைச்சல் டெல்ரைட்~ பெட்டிக்குள் போகிறது, டெல்ரீட்~ அதைக் குறித்த தாமதத்துக்குப் பிறகு வெளியே எடுக்கிறது, லோப்~ வடிப்பான் அதன் கூர்மையைக் குறைக்கிறது, 0.995 ஆல் பெருக்கப்பட்டு அது மீண்டும் டெல்ரைட்~ பெட்டிக்கே திரும்புகிறது. சாம்பிள் வீதம், அதாவது ஒரு வினாடிக்கான ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை, 44100. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு கட்டைச் சுருதியில் மத்திய ஸ்தாயி ஷட்ஜத்தை 261.63 ஹெர்ட்ஸ் என வைத்துக்கொண்டேன்.

தார ஸ்தாயி அந்தர காந்தாரம் வரை தந்தி ஏறத்தாழச் சரியாகவே பேசுகிறது. மத்தியமம் மட்டும் சற்றுத் தாழ்ந்து ஒலிக்கிறது. பஞ்சமத்துக்குப் போனால் அதே மத்தியமம்தான் மறுபடியும் கேட்கிறது, தைவதமும் அதுவே. என் காதில்தான் பிழையோ என்று டியூனர் செயலியை வைத்துப் பார்த்தேன். மூன்று ஸ்வரங்களுக்கும் அது 689 ஹெர்ட்ஸ் அளவிலேயே நின்றது.

கணினி மெதுவாக இருப்பதால்தான் இப்படி நேர்கிறது என்று நினைத்து, ஆடியோ அமைப்புப் பக்கத்தில் உள்ள தாமதத்தை 25 மில்லிவினாடியிலிருந்து பத்தாக, பிறகு ஐந்தாகக் குறைத்தேன். ஒலி பொரியத் தொடங்கியதே தவிர, 689 அசையவில்லை. தாமதப் பெட்டிகளே இல்லாமல் வெளியீட்டை நேராக உள்ளீட்டோடு இணைத்தபோது, டிஎஸ்பி வளையம் கண்டறியப்பட்டது என்ற பிழைச் செய்தி வந்து ஒலி நின்றுவிட்டது. பின்னூட்ட வழியில் எஸ்~, ஆர்~ பெட்டிகளை இடையில் வைத்த போதோ சுருதியே கெட்டுவிட்டது: மத்திய ஷட்ஜம் கேட்டால் மந்திர ஸ்தாயியில் பிரதி மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே எங்கோ ஒலிக்கிறது, தார ஷட்ஜம் கேட்டால் மத்திய ஸ்தாயி ரிஷபத்தைவிடச் சற்று மேலே வருகிறது. இரண்டு ஷட்ஜங்களுக்கும் இடையே ஒரு ஸ்தாயி தூரம்கூட இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் புதிராக இருக்கிறது.

பிளாக் அளவை 1 ஆக்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எங்கோ படித்தேன். அதை எந்த இடத்தில் மாற்றுவது, மாற்றினால் இந்தக் கணினி தாங்குமா என்று அனுபவம் உள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அரசலாறு (கும்பகோணம்):

வணக்கம் ஐயா. சாம்பிள் வீதத்தை 48000 ஆக மாற்றிப் பாருங்கள். எனக்கும் இதே தொல்லை இருந்தது. மாற்றியவுடன் மத்தியமம் சரியாகிவிட்டது. பிளாக் அளவையெல்லாம் தொட வேண்டிய அவசியமே வராது.

பாமணி (மன்னார்குடி):

அரசலாறு சொல்வதால் மத்தியமம் சரியாகும் என்பது உண்மை. ஆனால் ஐயாவின் பஞ்சமம் அப்போதும் ஏறாது. காரணத்தைச் சொல்லிவிட்டால் இரண்டும் ஒன்றாக விளங்கும்.

பியூர் டேட்டா ஒவ்வொரு சாம்பிளாகக் கணக்கிடுவதில்லை. தானாகவே 64 சாம்பிள்களை ஒரு பிளாக்காகச் சேர்த்து, பேட்சில் உள்ள அலைக்குறிப் பெட்டிகளை ஒரு வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் அந்த 64க்கும் ஒரே தடவையில் ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. நம் பக்கத்து முறைத் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். மதகு திறந்ததும் தலைமடையிலிருந்து கடைமடை வரை ஒவ்வொரு வயலும் தன் முறைக்குரிய தண்ணீரைப் பெறுகிறது. கடைமடையில் வடிந்த தண்ணீரை இன்ஜின் வைத்து இறைத்துத் தலைமடை வாய்க்காலிலேயே ஒருவர் கொண்டுபோய் விட்டாலும், தலைமடை வயலின் முறை முடிந்துவிட்டதால் அது அடுத்த முறையில்தான் அந்த வயலுக்குள் போகும். உங்கள் வளையத்திலும் டெல்ரீட்~ முதலில் ஓடுகிறது, டெல்ரைட்~ கடைசியில் ஓடுகிறது. எனவே இந்தப் பிளாக்கில் எழுதியதை அடுத்த பிளாக்கில்தான் படிக்க முடியும். நீங்கள் எவ்வளவு குறைந்த தாமதம் கேட்டாலும் 64 சாம்பிளுக்குக் கீழே அது போகாது. 44100ஐ 64ஆல் வகுத்தால் 689 வரும். உங்கள் டியூனர் காட்டியது இந்த எண்ணைத்தான்.

ஸ்வரங்களோடு பொருத்திப் பாருங்கள். தார அந்தர காந்தாரத்துக்கு 66.9 சாம்பிள் வேண்டும். அது எல்லைக்கு உள்ளே இருப்பதால் தப்பித்தது. மத்தியமத்துக்கு 63.1 தான் வேண்டும். 64இல் முட்டியதால் ஏறத்தாழ 23 சென்ட் தாழ்ந்தது (ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 100 சென்ட்). பஞ்சமத்துக்கு 56.2, சதுஸ்ருதி தைவதத்துக்கு 50.1, அவையும் அதே 64இல் முட்டி நிற்பதால்தான் மூன்றும் ஒரே ஸ்வரமாகக் கேட்கின்றன. வீதத்தை 48000 ஆக்கினால் எல்லை 750 ஹெர்ட்ஸுக்கு நகரும். மத்தியமம் 698, பஞ்சமம் 784; ஆகையால் மத்தியமம் மட்டும் பிழைத்துக்கொள்ளும். (சம இடைவெளிச் சுருதியின் காந்தாரம் காந்தாரமே அல்ல என்ற வழக்கை வேறோர் இடத்தில் வைத்துக்கொள்வோம்.)

எஸ்~, ஆர்~ புதிருக்கும் விடை இதுவே. ஆர்~ முன்னதாகவும் எஸ்~ பின்னதாகவும் ஓடும் வளையத்தில் அந்த இணை சரியாக ஒரு பிளாக் தாமதத்தைக் கூட்டுகிறது. மத்திய ஷட்ஜத்துக்கு உரிய 168.6 சாம்பிளோடு 64 சேர்ந்து 232.6 ஆனது, தார ஷட்ஜத்தின் 84.3 சாம்பிள் 148.3 ஆனது. ஸ்தாயி என்பது விகிதம்; இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டினால் விகிதம் நிற்காது. எஸ்~, ஆர்~ வைத்தே தீர வேண்டுமானால் ஒவ்வொரு தாமதத்திலிருந்தும் 1.451 மில்லிவினாடியைக் கழித்துவிடுங்கள்; சுருதி சரியாகிவிடும், ஆனால் மேல் எல்லை அதே 689இல்தான் இருக்கும்.

ஆடியோ அமைப்பில் நீங்கள் குறைத்த தாமதம் வேறு சரக்கு. பியூர் டேட்டா கணக்கிட்டு முடித்த ஒலி, ஒலி அட்டைக்குப் போய்ச் சேரும் வரை காத்திருக்கும் இடம் அது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர நாள்கள் ஆகின்றன. அந்த நாள்களைக் குறைத்தாலும் உங்கள் வாய்க்காலின் முறை இடைவெளி மாறப்போவதில்லை. அதைப் பழையபடி 25க்கே கொண்டுபோய்ப் பொரியும் சத்தத்தை நிறுத்துங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. தந்தி வளையத்தை மட்டும் ஒரு சப்பேட்சுக்குள் (பேட்சுக்குள் இருக்கும் சிறு பேட்ச்) வையுங்கள். அதனுள் எந்த வயரும் இணைக்காமல் பிளாக்~ 16 என்று ஒரு பெட்டி போடுங்கள். டெல்ரைட்~, டெல்ரீட்~, வடிப்பான், பெருக்கல் ஆகிய நான்கும் உள்ளேதான் இருக்க வேண்டும். ஒன்றை வெளியே விட்டால் வளையம் வெளி பிளாக்கைச் சுற்றித்தான் வரும், பலன் இல்லை. இரைச்சல் வெளியிலிருந்து இன்லெட்~ வழியாக உள்ளே வரட்டும், ஒலி அவுட்லெட்~ வழியாக வெளியே போகட்டும். பெரிய பிளாக்கிலிருந்து சிறிய பிளாக்குக்கு இறங்கி ஏறுவதில் கூடுதல் தாமதம் எதுவும் சேராது. பிளாக்~ பெட்டியை முதன்மைச் சாளரத்தில் போட்டுவிடாதீர்கள். பேட்ச் முழுவதும் மாறிவிடும், 64 தவிர வேறு அளவில், ஒலி அட்டைக்கு ஒலியை அனுப்பும் டாக்~ பெட்டியும் வேலை செய்யாது.

ஏன் 1 வேண்டாம் என்கிறேன் என்றால், பிளாக் அளவைக் குறைப்பது கணக்கின் அளவைக் கூட்டுவதில்லை. ஒவ்வொரு பெட்டியையும் கூப்பிடும் தடவைகளைக் கூட்டுகிறது. 16 என்றால் நான்கு மடங்கு, 1 என்றால் 64 மடங்கு. நீங்கள் எட்ட விரும்பும் உச்ச ஸ்வரம் எது என்று முதலில் முடிவு செய்து, அதற்கு வேண்டிய சாம்பிளைவிடக் குறைவாக உள்ள இரண்டின் அடுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே முறை. அதிதார ஷட்ஜத்துக்கு 42.1 சாம்பிள், அதற்கு 32ஏ போதும். நான் 16 சொல்வதற்குக் காரணம், கமகத்துக்காக நீங்கள் விரைவில் பெட்டியை மாற்ற வேண்டி வரும், அப்போது கொஞ்சம் இடம் இருக்கட்டும் என்பதே.

குடமுருட்டி (திருவையாறு):

பாமணி அவர்களுக்கு மிக்க நன்றி. நேற்றிரவு மின்சாரம் வந்த பிறகு உட்கார்ந்து நீங்கள் சொன்னவாறே செய்தேன். முதலில் டெல்ரைட்~ பெட்டியை மறந்து வெளியிலேயே விட்டிருந்ததால் எந்த மாற்றமும் தெரியவில்லை. உள்ளே கொண்டுவந்ததும் பஞ்சமம் பஞ்சமமாகவே வந்தது. அதிதார ஷட்ஜம் வரை தடையில்லை. கணினியின் விசிறிகூடச் சத்தம் போடவில்லை.

இரண்டு குறைகள் மிஞ்சியுள்ளன. தார ஷட்ஜம் தம்புராவோடு முழுமையாக ஒட்டாமல் மிக மெல்லிய அலையாக அடிக்கிறது. மேலும், ஸ்லைடரை நகர்த்தி ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு வழுக்கிவர முயன்றால் வீணையின் இழுப்பு கேட்கவில்லை. படிக்கட்டில் இறங்குவது போலத் தட்டுத் தட்டாக வருகிறது.

வீரசோழன் (மயிலாடுதுறை):

இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே. டெல்ரீட்~ பெட்டி தாமதத்தை முழு சாம்பிளாக மாற்றிக்கொள்கிறது. தார ஷட்ஜத்துக்கு வேண்டிய 84.28ஐ அது 84 ஆக்கிவிடுகிறது. 525 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது, அதாவது ஏறத்தாழ 6 சென்ட் கூடுதல். ஸ்லைடரை நகர்த்தும்போது 84இலிருந்து 83க்குத் தாவும் ஒரே சாம்பிளின் தூரம் அந்த உயரத்தில் ஏறத்தாழ 21 சென்ட். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்தே படி என்றால் கமகம் எப்படி வரும்? மந்திர ஸ்தாயியில் இதே பேட்ச் ஓரளவு வழுக்கும். அங்கே சாம்பிள் எண்ணிக்கை அதிகம், ஆகவே படியும் சிறியது.

டெல்ரீட்~ இருக்கும் இடத்தில் டெல்ரீட்4~ வையுங்கள். பழைய பேட்சுகளில் இதையே விடி~ என்ற பெயரில் பார்த்திருப்பீர்கள். இது சாம்பிள்களுக்கு இடையிலும் நான்கு புள்ளிகளை வைத்துக் கணித்துப் படிக்கும். தாமதத்தை எண்ணாக அல்லாமல், தொடர்ந்து மாறும் சமிக்ஞையாகவே வாங்கிக்கொள்ளும். ஆனால் வளையத்துக்குள் இதன் குறைந்தபட்சத் தாமதம் ஒரு பிளாக்கோடு கூடுதலாக ஒரு சாம்பிள். பாமணி 16இல் இடம் விட்டுவைத்ததன் நன்மை இங்கே தெரியும். 32 வைத்திருந்தால் அதிதார காந்தாரத்தில் மறுபடியும் முட்டியிருப்பீர்கள்.

லோப்~ பற்றி யாரும் இதுவரை பேசவில்லை. தந்தியின் சுருதியை முடிவு செய்வது டெல்ரீட்4~ பெட்டியில் எழுதிய எண் அன்று. வளையத்தை ஒருமுறை சுற்றிவர ஆகும் மொத்த நேரம். வடிப்பானும் அதில் தன் பங்கைச் சேர்க்கிறது, லோப்~ சேர்க்கும் பங்கோ அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறுகிறது. அதை எடுத்துவிட்டு, ஆர்ஜீரோ~ -1 பெட்டியும் அதன் பின் 0.5 பெருக்கலும் வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு சாம்பிள்களின் சராசரி அது. கார்ப்ளஸ், ஸ்ட்ராங் இருவரும் பயன்படுத்தியதும் அந்தச் சராசரியைத்தான். அதன் தாமதம் எல்லா அதிர்வெண்ணிலும் சரியாக அரை சாம்பிள். 44100இல் அது 0.0113 மில்லிவினாடி, அதை ஒவ்வொரு ஸ்வரத்தின் தாமதத்திலிருந்தும் கழித்துவிட்டால் கணக்கு முடிந்தது. தார ஷட்ஜத்துக்கு 83.78 சாம்பிள், அதாவது 1.9 மில்லிவினாடி. 48000க்கு மாறினால் அரை சாம்பிளின் நேரமும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. சப்பேட்சின் பிளாக்கை எவ்வளவு குறைத்தாலும், ஸ்லைடர், மெட்ரோ போன்றவற்றின் செய்திகளைப் பியூர் டேட்டா 64 சாம்பிளுக்கு ஒருமுறைதான் கவனிக்கிறது. கமகத்தின் வளைவைச் செய்தியாக உள்ளே அனுப்பாமல், வெளியே வீலைன்~ பெட்டியில் சமிக்ஞையாக ஆக்கி இன்லெட்~ வழியாக அனுப்புங்கள். வீலைன்~ தன் தொடக்க நேரத்தைப் பிளாக் எல்லைக்கு ஒதுக்கிவிடாமல் காப்பாற்றும். சாதாரண லைன்~ அதைச் செய்யாது.

மேக்ஸ் மென்பொருளில் டேப்இன்~, டேப்அவுட்~ இணைக்கும் இதே எல்லை உண்டு. அங்கே அதை வெக்டர் அளவு என்பார்கள். ஒவ்வொரு சாம்பிளாகச் சுற்ற வேண்டுமானால் ஜென்~ பக்கம் போவார்கள்.

அரசலாறு (கும்பகோணம்):

48000 போதும் என்று நான் சொன்னது அரைகுறை விடைதான். என் பேட்சில் பஞ்சமம் வரை போக வேண்டிய தேவை எழாததால் கவனிக்கவில்லை. ஆனால் பாமணி அவர்கள் ஆடியோ அமைப்பின் தாமதத்தை வேறு சரக்கு என்று ஒதுக்கியதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. பின்னூட்ட வளையம் கணினிக்குள்ளேயே இருந்தால் அது சரி. நான் செய்வது மைக்கையும் ஒலிபெருக்கியையும் எதிரெதிரே வைத்து, அறையையே வளையத்தின் ஒரு பகுதியாக்கும் வேலை. அங்கே காற்றில் போகும் நேரம், ஒலி அட்டையின் காத்திருப்பு, பேட்சுக்குள் உள்ள தாமதம் எல்லாம் ஒரே கணக்கில் சேர்கின்றன.

நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. 64 சாம்பிளுக்குள் அது கடக்கும் தூரம் அரை மீட்டர், அதாவது ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதல். மைக்கை ஒரு முழம் பின்னுக்கு நகர்த்துவதும் பேட்சில் ஒரு பிளாக் கூட்டுவதும் ஒன்றுதான். ஆனால் ஆடியோ அமைப்பில் 20 மில்லிவினாடி வைத்தால் அது ஏழு மீட்டர். ஒரு கூடத்தின் நீளம். மொத்தச் சுற்று நேரம் 20 மில்லிவினாடி என்றால், ஊளையிடக்கூடிய சுருதிகள் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்கும். எதில் பெருக்கம் அதிகமோ அது முந்திக்கொள்ளும். ஆகவே இந்த வேலையில் அந்தப் பக்கத்து எண்ணை மாற்றினால் ஊளையின் சுருதியே மாறுகிறது. ஒருமுறை ஒரு நிகழ்ச்சிக்கு முன்பு வேறு ஒலி அட்டையை மாட்டியதால், மூன்று நாள் உட்கார்ந்து சேர்த்த சுருதி அத்தனையும் போய்விட்டது. காரணம் தெரியாமல் மைக்கை நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

பாமணி (மன்னார்குடி):

ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது உள்ளே மூடிய வளையத்துக்கு மட்டுமே பொருந்தும்.

அதோடு 1 வேண்டாம் என்று நான் பொதுவாகச் சொல்லிவிட்டதையும் திருத்திக்கொள்கிறேன். வீணையின் தாளத் தந்திகள் மூன்றும் மற்ற நான்கோடு குதிரையின் வழியாக அதிர்வைப் பகிர்வதுபோலப் பல தந்திகளை ஒன்றோடொன்று பிணைத்து, ஒன்றின் வெளியீடு மற்றொன்றுக்குள் அப்போதைக்கப்போது போக வேண்டும் என்றால், ஒவ்வொரு பிணைப்பிலும் ஒட்டிக்கொள்ளும் 16 சாம்பிள் கூடக் குதிரையைத் தள்ளி வைத்தது போலாகிவிடும். அப்போது அந்தப் பகுதிக்கு மட்டும் பிளாக்~ 1 நியாயம். ஒரே ஒரு சமன்பாட்டளவு வேலை என்றால் எஃப்எக்ஸ்பிஆர்~ பெட்டியிலேயே முந்தைய சாம்பிளை எடுத்து எழுதலாம். அதுவும் கணினியை நன்றாகவே வாங்கும்.

எதைச் செய்தாலும் வளையத்துக்குள் டெல்ரைட்~ முன்னால் கிளிப்~ -1 1 ஒன்றும் ஹிப்~ 5 ஒன்றும் போட்டுவிடுங்கள். 0.995க்குப் பதிலாக ஒரு மாணவர் 1.05 என்று தட்டிவிட்டால் முதல் பெட்டி ஒலிபெருக்கியைக் காப்பாற்றும். அலை ஒரே பக்கமாகச் சாய்ந்து வளையத்தில் தேங்கும் டிசி சாய்வை இரண்டாவது வடித்துவிடும். ஹிப்~ பெட்டியை 5 ஹெர்ட்ஸில் வைத்தாலும் மத்திய ஷட்ஜத்தில் அது சுருதியை ஏறத்தாழ 5 சென்ட் உயர்த்தும்; மேலே போகப் போக அந்த மாற்றம் குறையும்.

குடமுருட்டி (திருவையாறு):

எல்லோருக்கும் நன்றி. டெல்ரீட்4~, ஆர்ஜீரோ~ இரண்டும் வைத்து, அரை சாம்பிளைக் கழித்து, வீலைன்~ வழியாகத் தாமதத்தை அனுப்பியதில் தார ஷட்ஜம் தம்புராவோடு அசையாமல் நிற்கிறது. ரிஷபத்திலிருந்து வழுக்கி இறங்கும்போது படி எதுவும் கேட்கவில்லை. வீணை பயிலும் என் மகள் பக்கத்து அறையிலிருந்து எட்டிப்பார்த்து, மேலே போகப் போகத் தந்தி ஏன் சீக்கிரம் செத்துவிடுகிறது என்று கேட்டாள்.

அதற்கும் விடை கிடைத்துவிட்டது. மேல் ஸ்வரத்தில் வளையம் ஒரு வினாடிக்குள் அதிகமான தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 0.995 ஆல் பெருக்கலும் சராசரியும் நடப்பதால் ஒலி அத்தனைக்கத்தனை விரைவாகத் தேய்கிறது. ஆகவே பெருக்கல் எண்ணையும் ஸ்வரத்தோடு மாறுமாறு எழுதிக்கொண்டிருக்கிறேன்: மத்திய ஷட்ஜத்துக்கு 0.995 என்றால், அதே காலம் நீடிக்கத் தார ஷட்ஜத்துக்கு அதன் வர்க்கமூலம், அதாவது 0.9975. சராசரி தின்றுவிடும் பங்கை இது ஈடு செய்யாது என்றாலும், பெருக்கலால் வரும் தேய்வு சமமாகிவிட்டது. கிளிப்~, ஹிப்~ இரண்டையும் பாமணி சொன்ன இடத்தில் வைத்துவிட்டேன். திங்கட்கிழமை பன்னிரண்டாம் வகுப்பில் கேட்க வைக்கப்போகிறேன்.